பாதயாத்திரைப் பாதையில் பைக்: என்ன செய்யலாம்?

வணக்கம். காரைக்குடிப் பக்கமிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் குழு எங்களுடையது. குன்றக்குடியில் கும்பிட்டுவிட்டு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போவோம். திண்டுக்கல் தாண்டியதும் சாலையோரம் பல இடங்களில் நடப்பவர்களுக்கென்றே தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். சிக்கலே அங்கேதான். விடியுமுன் வெறுங்காலோடு ஆச்சிமார் மெல்ல நடக்கும்போது, பின்னாலிருந்து பைக் ஏறி வந்து ஹாரன் அடிக்கிறது. போன வருஷம் ஓர் ஆச்சி பதறி ஒதுங்கியதில் சரளைக்கல் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. ஓட்டி வந்த தம்பியோ, "நானும் முருகனைப் பார்க்கத்தான் போறேன், வழி விடுங்க" என்றான். சரி, போகட்டும், பக்கத்திலேயே தார் ரோடு இருக்கும்போது இதில் ஏறணுமா? (சும்மா சொல்லக் கூடாது, நடக்கிறவர்களிலும் நாலு பேராகப் பாதையை அடைத்துக்கொண்டு பேசிப் போகிறவர்கள் உண்டு.)

சண்டை வளர்க்காமல் இதைச் சமாளித்த குழுவினர் யாராவது இருக்கிறீர்களா? காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுத்தால் பலன் உண்டா? அப்புறம், பையில் ஒட்டும் ஒளிரும் பட்டை காரைக்குடியில் எந்தக் கடையில் மொத்தமாகக் கிடைக்கும்? தை பிறக்குமுன் வாங்கிவிட வேண்டும்.