மறுமொழி: ரோஜாவில் பூக்காத தண்டு – ‘குருட்டுத் தண்டு’ வேண்டாமே

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ரோஜாவில் நுனியில் பூ வராமலே நின்றுவிடும் தண்டை ஆங்கிலத்தில் blind shoot என்கிறார்கள். நம் சொற்பட்டியலுக்காக அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் மறுமொழி இது.

> ஆங்கிலத்தில் குருடு என்றுதான் சொல்கிறார்கள். நாமும் ‘குருட்டுத் தண்டு’ என்றே வைத்துவிடலாம்.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழில் செடிக்குக் கண் என்றால் முளைக்கும் இடம். கரும்புக் கரணையை வாங்கும்போது எத்தனை கண் என்றுதான் பார்க்கிறோம். ரோஜாவிலும் கண்ணை எடுத்துத்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். குருட்டுத் தண்டு என்றால் கண்ணே இல்லாத தண்டு என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். இருப்பதோ நேர்மாறு: கண் இருக்கிறது, பூதான் இல்லை.

மயூர் விகாரில் எங்கள் வீட்டுத் தெற்கு ஜன்னலோரம் ஒரு குட்டி ரோஜா இருக்கிறது. டெல்லிக் குளிர்காலத்தில் வெயில் சாய்ந்து அறைக்குள்ளேயே விழும். ஆனால் இந்த ஜனவரியில் மூடுபனி நாள்கணக்கில் விலகவில்லை. அப்போது வந்த தண்டு ஒன்று ஒரு சாண் வளர்ந்து நின்றுவிட்டது. நுனி இலைகளை விலக்கிப் பார்த்தேன். மொட்டு இருக்க வேண்டிய இடத்தில் கடுகில் பாதி அளவுக்குக் காய்ந்த துணுக்கு. திரும்பத் திரும்பப் பூக்கும் இத்தகைய ரோஜாக்களில் புதுத் தண்டு ஒவ்வொன்றும் நுனியில் அரும்பு கட்டத்தான் பார்க்கும். வெளிச்சமோ வெப்பமோ போதாவிட்டால் அது தொடக்கத்திலேயே கருகிவிடும். ஐந்து சிற்றிலை உள்ள இலைக்குக் கால் அங்குலம் மேலே நறுக்கினேன். அந்த இலைக்கக்கத்துக் கண், அதாவது இலை தண்டோடு சேரும் இடத்துக் கண், விழித்துக்கொண்டது. ஹோலிக்கு முன் அதிலிருந்து வந்த தண்டில் பூ.

> ‘மலட்டுத் தண்டு’ கிராமத்திலும் புரியும்.

புரியும், ஆனால் அந்தச் சொல் எத்தனை பெண்களைக் குத்தியிருக்கிறது! ஒரு செடிக்காக அதை மறுபடி எடுக்க எனக்கு மனமில்லை. பொருளும் பொருந்தவில்லை. பசுமைக்குடில் சாகுபடியில் இந்தத் தண்டுகளை வெட்டாமல் வளைத்துவிடுவதும் உண்டு. அவற்றின் இலைகள்தான் பூக்கும் தண்டுகளுக்கு உணவு ஆக்கித் தருகின்றன.

‘வெறுந்தண்டு’ என்றால் இலையுதிர்ந்த குச்சிதான் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு: பூவாத் தண்டு. வாடாமல்லியில் உள்ள அதே அமைப்பு, புதிதாகப் பழக வேண்டியதில்லை. ‘பூவா’ என்றால் என்றைக்குமே பூக்காது என்று ஆகாதா எனச் சிலர் கேட்கலாம். அந்த நுனி இனிப் பூக்காது என்பது உண்மைதானே? பூப்பது அதன் கண்ணிலிருந்து வரும் அடுத்த தண்டு.

இதற்குப் பெயர் அவசரமாகவே தேவை. போன மாதம் இங்கே ஒருவர் இதைப் போத்து என்று நினைத்து அடியோடு பிடுங்கியதாக எழுதியிருந்தார். போத்து ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து, அதாவது நம் ரோஜாவை ஒட்டிய அடிச்செடியிலிருந்து, வருவது. அதை வைத்திருக்கக் கூடாது. பூவாத் தண்டு நம் செடியின் சொந்தத் தண்டு. இரண்டையும் பட்டியலில் அடுத்தடுத்துப் போட வேண்டுகிறேன்.

இதை நறுக்குவதற்கும் தனிச்சொல் வேண்டுமா? செடியை வெட்டிவிடுவதற்கு ஏற்கெனவே உள்ள கவாத்து என்ற சொல்லே போதும் என்று எனக்குப் படுகிறது. வேறு கருத்திருந்தால் எழுதுங்கள்.