ஆயில் மாறிப்போன ஆட்டோமேட்டிக் வண்டிகள்: பார்த்ததைச் சொல்லுங்க

லாக்கப்:
2015 ஹோண்டா சிட்டி, பெட்ரோல் சிவிடி (கியருக்குப் பதிலா பெல்ட்டும் புல்லியும் உள்ள ஆட்டோமேட்டிக்). மேம்பாலம் ஏறும்போது ஆர்பிஎம் 4000-ஐத் தாண்டுது, வேகம் 40-லயே நிக்குது. கூடவே விசில் மாதிரி ஒரு இரைச்சல். டிரெயின் நட்டைக் கழட்டினா, காந்தத்துல வழக்கமா ஒட்டியிருக்கிற சாம்பல் நிறக் குழம்பு இல்லை. ஊசி ஊசியா இரும்புச் சீவல். பில்லை வாங்கிப் பார்த்தா டிடபிள்யூ-1, ஹோண்டாவோட கியர் வெச்ச ஆட்டோமேட்டிக்குக்கான ஆயில். அந்த வண்டிக்கு வேண்டியது ஹெச்சிஎஃப்-2, அவங்களோட சிவிடி ஆயில்.

ரெண்டும் அதே கம்பெனி ஆயில்தானேன்னு கேக்காதீங்க. டிடபிள்யூ-1-ல கிளட்ச் பிளேட்டு பதமா பிடிக்கறதுக்காக வழுக்கல் மருந்து சேர்த்திருக்கும். சிவிடில இரும்பு பெல்ட்டு இரும்பு புல்லியைக் கவ்வி இழுக்கணும். அங்க வழுக்கினா புல்லி முகம் கீறிடும். கீறின பிறகு சரியான ஆயிலை ஊத்தியும் பிரயோஜனம் இல்லை.

கோவை ஸ்பேனர்:
மேல சொன்னதுல ஆயில் கொடுத்தவர் மேல மட்டும் பழி போட முடியாது. “சிட்டி ஆட்டோமேட்டிக்”னு கேட்டா அவர் எதை எடுப்பார்? அதுக்கு முந்தி 2013 வரைக்கும் வந்த மாடல்ல அஞ்சு கியர் டார்க் கன்வர்ட்டர் (ஆயில் வழியா இன்ஜின் விசையைக் கியருக்குக் கடத்தற வகை), அதுக்கு டிடபிள்யூ-1 சரிதான். ஹூண்டாய் க்ரெட்டா இன்னும் மோசம்: டீசல்ல ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர், சாதா பெட்ரோல்ல ஐவிடி (ஹூண்டாயோட சிவிடி), டர்போல டிசிடி (ரெட்டை கிளட்ச்). மூணும் “ஆட்டோமேட்டிக்”தான், மூணுக்கும் ஆயில் வேற. வண்டி பேரைச் சொல்லி ஆயில் கேக்கறதே தப்பு. வருஷம், இன்ஜின், கியர்பாக்ஸ் மூணையும் சொல்லணும். சேஸி நம்பரைக் கொடுத்துட்டா இன்னும் நல்லது.

மாருதியோட ஏஜிஎஸ் (கியரைத் தானா மாத்தற) வண்டிக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், வாங்க வர்றவங்களும் உண்டு. அது மேனுவல் கியர்பாக்ஸுங்க! உள்ள போறது கியர் ஆயில். கிளட்சையும் கியரையும் தள்ற ஆக்சுவேட்டருக்கு மட்டும் தனியா கொஞ்சம் ஹைட்ராலிக் ஆயில்.

யாழ் ஹைபிரிட்:
எங்கட பக்கம் கதை தலைகீழ். ரொயோட்டா அக்வா ஹைபிரிட் ஒண்டு, பின் சீற்றில சிவிடி ஒயில் கலன் ரெண்டு. பத்திரத்தில “ஈ-சிவிடி” எண்டு கிடக்கு, அதை நம்பி வாங்கினது. ஊத்த முதல் பிடிச்சாச்சு. பேர்தான் சிவிடி, உள்ளுக்க பெல்ட் ஒண்டும் இல்லை. பிளானட்டரி கியரும் ரெண்டு மோட்டரும்தான். ரொயோட்டா சொல்லுறது ஏடிஎஃப் டபிள்யூஎஸ். அந்த ஒயில்தான் மோட்டர்ச் சுருளையும் குளிர வைக்குது, கரண்டைக் கசிய விடாமலும் பாக்க வேணும். ஆனபடியா கண்ட ஒயிலை விடேலாது.

அளவு சுமார் மூன்றரை லீற்றர். முதல் மேல் நட்டைக் கழட்டிப் பாருங்கோ, பிறகுதான் கீழ் நட்டு. மேல் நட்டு இறுகி நிண்டா, வடிச்ச கியர்பொக்ஸோட வாகனம் கராஜிலயே கிடக்கும்.

செம்மண்:
ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக். டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கிற கம்பி) உருவினதும் அப்படித்தான் இருந்தது, இளஞ்சிவப்பா நுரையோட. ரேடியேட்டர் தொட்டிக்குள்ள இருக்கிற ஏடிஎஃப் கூலர் ஓட்டையாகி, கூலண்ட் கலந்திருக்கு. ஆயில் சரியானதுதான், போன மாசம் மாத்தினதுதான். தண்ணி பட்டா கிளட்ச் பிளேட்டுல காகித லைனிங் பசை விட்டு உரிஞ்சிடும். ரேடியேட்டரை மாத்தாம ஆயிலை மட்டும் மாத்தினா பணம் தண்டம்.

நிதானம்:
“போன மாசம் மாத்தினது” என்கிறீர்களே, எப்படி மாற்றினார்கள்? கீழ் நட்டைத் திறந்தால் வடிவது மொத்த ஆயிலில் 40 சதவீதம் வந்தாலே அதிகம். மீதி டார்க் கன்வர்ட்டரிலும், ஆயிலை அங்கங்கே திருப்பிவிடும் வால்வு பாடியிலும் தங்கிவிடும். மொத்தம் 7 லிட்டர் என்றால் வடிவது 2.8. ஒருமுறை மாற்றினால் 60 சதவீதம் பழையது; மூன்று முறை வடித்து ஊற்றி, இடையிடையே சில நாள் ஓட்டினால் 78 சதவீதம் புதியது. தப்பான ஆயிலை வெளியேற்றவும் இதே கணக்குதான். ஒரே வடிப்பில் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது மட்டம். ஆயில் சரியாக இருந்தும் மட்டம் தவறியதால் திரும்பி வரும் வண்டிகளே ஏராளம். டிப்ஸ்டிக் உள்ள பழைய டொயோட்டாவில் வண்டி சூடாகி, இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்போது, எல்லா கியரும் ஒருமுறை போட்டு பி-யில் (பார்க்) வைத்துப் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டாவில் சூடானபின் இன்ஜினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டொயோட்டா பழக்கத்தை ஹோண்டாவுக்குக் கொண்டுவந்தால் அளவு பொய் சொல்லும். டிப்ஸ்டிக்கே இல்லாத ஆறு கியர் டொயோட்டாவில், ஸ்கேனரில் ஆயில் சூடு 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கையில், இன்ஜின் ஓட ஓட, மட்டம் பார்க்கும் வழிநட்டைத் (அதிகப்படி ஆயில் வழியும் துளையின் நட்டு) திறந்து, கொட்டுவது சொட்டுச் சொட்டாகக் குறையும்போது மூட வேண்டும். வண்டி நாலு பக்கமும் சமமாக நிற்க வேண்டும், முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால் கணக்கு கெட்டது. 80 டிகிரியில் பார்த்தால் ஆயில் விரிந்து கூடுதலாக வழிந்துவிடும், ஆறியதும் குறைவு. கூட ஊற்றினாலோ கியர் சக்கரம் அதைக் கடைந்து நுரையாக்கி, பம்பு காற்றை உறிஞ்சும்.

நிறத்தைப் பார்த்து வாங்குவதை விடுங்கள். சிவப்பு என்பது வெறும் சாயம்.

கோவை ஸ்பேனர்:
நிதானம் சார், கேட்டது அனுபவம், நீங்க கிளாஸே எடுத்துட்டீங்க. ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க: “எல்லா வண்டிக்கும்”னு எழுதின மல்டி வெஹிக்கிள் ஏடிஎஃப். டெக்ஸ்ரான்ங்கறது ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வெச்ச ஏடிஎஃப் தரம்; டெக்ஸ்ரான்-3 கேக்கற வண்டிக்கு டெக்ஸ்ரான்-6 ஊத்தலாம், ஜிஎம்மே சொன்னது. 6 கேக்கற இடத்துல 3 கூடாது, அது கெட்டி. கேன் பின்னாடி இந்த ரெண்டு பேரும் ஒரே வரியில இருக்கும். வெறுமனே “ஏற்றது”ன்னு போட்டிருக்கா, வண்டிக் கம்பெனியோட “அங்கீகாரம் பெற்றது”ன்னு போட்டிருக்கான்னு பாருங்க.

லாக்கப்:
அந்த சிட்டில கேன் பின்னாடி யாரும் படிக்கவே இல்லை. புல்லியும் பெல்ட்டும் மாத்தற செலவுக்கு, வேற வண்டில இருந்து எடுத்த முழு கியர்பாக்ஸே மலிவா முடிஞ்சது.