ஸ்க்ரமா, கான்பனா: எண்ணை வைத்துத் தீர்மானிக்க முடியுமா?

மாறன்:
எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் ஒரு குழு ஸ்க்ரம் முறையிலும் (சில வாரச் சுற்றுகளாகத் திட்டமிட்டு வேலை செய்வது) இன்னொன்று கான்பன் முறையிலும் (வேலைகளைப் பலகையில் வரிசையாக நகர்த்தி, ஒரே நேரத்தில் எடுக்கும் வேலைக்கு வரம்பு வைப்பது) வேலை செய்கின்றன. இரண்டின் ஸ்டோரி பாயிண்டையும் (வேலையின் அளவுக்குப் போடும் மதிப்பெண்) ஒப்பிட்டு, சிறந்த முறையை எல்லோருக்கும் கொண்டுவரப் போகிறார்கள். நான் இதை ஆதரிக்கிறேன். எண் இல்லையென்றால், கூட்டத்தில் யார் குரல் பெரிதோ அவர் சொல்வதே முறையாகிவிடும். அளக்க முடியாததைக் கட்டுப்படுத்த முடியாது என்று மென்பொருள் நிபுணர் டாம் டிமார்க்கோ 1982-லேயே எழுதினார்.

செல்வி:
அதே டிமார்க்கோ 2009-ல், அளவீட்டுக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தது சரியா என்று தானே சந்தேகப்பட்டு எழுதினார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டோரி பாயிண்ட் என்பது ஒரு குழு தன் வேலைக்குத் தானே போடும் மதிப்பு. உங்கள் குழு 5 போடும் வேலைக்கு அவர்கள் 13 போடுவார்கள். இதை வைத்து ஒப்பிடுகிறார்கள் என்று தெரிந்தாலே பாயிண்ட் ஏறும், வேலை ஏறாது. 1982-ல் ஆப்பிளின் லிசா கணினித் திட்டத்தில், வாரம் எத்தனை வரி நிரல் எழுதினீர்கள் என்று படிவம் கொடுத்தார்கள். அங்கே நிரலாளராக இருந்த பில் அட்கின்சன் அப்போது, திரையில் படம் வரையும் குயிக்டிரா நிரலின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். சுமார் 2000 வரி குறைந்தது, வேகம் பல மடங்கு கூடியது. படிவத்தில் -2000 என்று போட்டார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

மாறன்:
வரிக்கணக்கு மோசம், சரி. அதனால் எல்லா அளவீடும் மோசமாகுமா? மைக்ரோசாஃப்டில் 3 குழு, ஐபிஎம்மில் 1 குழு என்று நிரலுக்கு முன்பே அதற்கான சோதனையை எழுதும் முறையை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். அந்த முறை இல்லாத ஒத்த திட்டங்களோடு ஒப்பிட்டால், வெளியீட்டுக்கு முந்தைய பிழை அடர்த்தி (நிரலின் அளவுக்கு எத்தனை பிழை என்பது) 40 முதல் 90 சதவீதம் குறைவு. தொடக்கத்தில் நேரம் 15 முதல் 35 சதவீதம் அதிகம். லாபம் என்ன, செலவு என்ன என்று இரண்டையும் எண்ணாமல் இதை யார் சொல்லியிருக்க முடியும்?

செல்வி:
நல்ல ஆய்வுதான். ஆனால் 40-க்கும் 90-க்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஆள் வேறு, திட்டம் வேறு. அதில் முறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் இரண்டு குழுவிலும் இதே சிக்கல்தான்.

குமரன்:
இடையில் ஒன்று. இரண்டு குழுவை ஏன் ஒப்பிட வேண்டும்? ஒரே குழுவை, முறை மாற்றுவதற்கு முன்பும் பின்பும் பாருங்கள். மென்பொருள் வெளியீட்டை ஆராயும் டோரா குழுவினர் முன்வைத்த நான்கு அளவீடும் போதும்: எத்தனை முறை வெளியிடுகிறோம், நிரல் கமிட் ஆனதிலிருந்து (எழுதி முடித்துப் பதிவு செய்ததிலிருந்து) பயனரை அடைய எவ்வளவு நாள், எத்தனை வெளியீடு உடைகிறது, உடைந்தால் சரிசெய்ய எவ்வளவு நேரம். இவை பெரும்பாலும் வெளியீட்டுக் கருவியின் பதிவிலேயே இருக்கும். வேகத்தையும் தரத்தையும் சேர்த்தே அளப்பதால் ஒன்றை மட்டும் ஊதிக்காட்டுவது கடினம்.

மாறன்:
இதை ஏற்கிறேன். பாயிண்டை விட இது நல்ல எண். ஆனால் எண்ணே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன்.

செல்வி:
நான் எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. குமரன் சொன்ன நான்கையும் எடுங்கள். ஆனால் அவை யாருடைய அப்ரைசலுக்கும் போகாது என்று மேலாளரிடம் முதலில் எழுதி வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், அந்த எண்ணை வைத்து முறையைப் பற்றி எதுவும் பேசாதீர்கள்.