நிஞ்ஜா ஆமை கேமைத் தொடுதிரையில் ஆட வழி உண்டா?

பாளைக்காரன்:
அண்ணாச்சிமாரே, ‘ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்’ என்கிற நிஞ்ஜா ஆமை கேமைப் போனில் ஆடுகிறேன். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் வேகத்தடை வரும்போதெல்லாம் கட்டைவிரல் நழுவி, குதிக்க வேண்டிய என் ஆமை ராஃபேல் சும்மா நின்று உதை வாங்குகிறான். கன்ட்ரோலர் வாங்கியே ஆகணுமா?

தாமிரபரணி:
முதலில் பஸ்ஸில் ஆடாதே தம்பி. அப்புறம் ராஃபேலை விட்டு டொனாட்டெல்லோ என்கிற ஆமையை எடு, வேகம் கம்மிதான், ஆனால் கம்பு நீளம், தள்ளி நின்றே வெளுக்கலாம், விரல் கொஞ்சம் பிசகினாலும் தப்பலாம். எதிரி பக்கத்தில் இல்லாத நேரம் டான்ட் பட்டனை, அதாவது நக்கலடிக்கிற பட்டனைத் தட்டினால் பெரிய அடிக்கான நிஞ்ஜா பவர் நிரம்பும், எதிரிகள் கூட்டமாகச் சூழும்போது அதை இறக்கு. நக்கலடித்தால் பவர் தருகிற கேம், நம்ம ஊர்க்காரன் ஆடாமல் வேறு யார் ஆடுவது!

தென்காசியான்:
புளூடூத் கன்ட்ரோலர்தான் சரி. 1989இல் கொனாமி விட்ட ஆர்கேட் கேமின் பாணி இது, குச்சியும் பட்டனும் வைத்து ஆடுகிற வகை. ஆர்கேட் மோடை இப்போது தொடாதீங்க, உயிரும் கன்டின்யூவும் (தோற்றபின் தொடர்கிற வாய்ப்பு) தீர்ந்தால் முதலிலிருந்துதான். ஸ்டோரி மோடில் 16 கட்டமும் முடித்தால் ஆமைகளின் கூட்டாளி கேசி ஜோன்ஸும் ஆடுவதற்குக் கிடைப்பார்.

பாளைக்காரன்:
கன்ட்ரோலருக்கு வீட்டில் காசு பெயராது. டொனாட்டெல்லோவே போதும்.