ஃபர்ம்வேர் வேலையிலிருந்து பேட்டன்ட் அட்டர்னி: சட்டம் முதலில் படிக்கணுமா?

மின்சுற்று_07
மின்னணுவியல் பொறியியல் பட்டம், நாலு வருஷமா ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வேலை. டெக்னாலஜி பேட்டன்ட் பக்கம் போகலாம்னு இருக்கேன். சட்டம் படிச்சுட்டுத்தான் உள்ளே நுழையணுமா? வேலைக்கு எடுக்கிறவங்க எதைப் பார்ப்பாங்க? எம்பெடட், சாஃப்ட்வேர் பக்கமே இருக்கணும்னா எதைப் பழகணும்? "ஆங்கிலம் நல்லா எழுதினா போதும்"னு ஒருத்தர் சொன்னார். நம்ப முடியல.

பிரிவு_126
முதல் கேள்விக்கு மட்டும் பதில். ஏஜென்ட் வேறு, அட்டர்னி வேறு. இந்தியாவில் காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 126-இன்படி 21 வயது நிறைந்த குடிமகன், அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் இருந்தால் பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுதலாம். சட்டப் பட்டம் கேட்பதில்லை. இரண்டு எழுத்துத் தாள், ஒரு வைவா. தாளுக்குக் குறைந்தது 50 சதவீதம், மொத்தத்தில் 60. பிரிவுகளை மனப்பாடம் செய்தவர்கள் முதல் தாளைத் தாண்டிவிடுவார்கள். கிளெய்ம் (எதற்கு, எந்த எல்லைவரை உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாக்கியம்) எழுதச் சொல்லும் இரண்டாம் தாளில்தான் பலருக்கும் கை நின்றுவிடும்.

அமெரிக்காவிலும் வழக்கறிஞர் அல்லாதவர் தேர்வெழுதி ஏஜென்ட் ஆகலாம். ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர் வெளிநாட்டில் இருந்தபடி பதிவு செய்ய பொதுவாக வழியில்லை. ஐரோப்பியத் தகுதித் தேர்வுக்கு, பதிவு பெற்ற ஒருவரிடம் சுமார் மூன்று ஆண்டுப் பயிற்சி வேண்டும்.

பேட்டன்ட் அலுவலகத்தின் முன் செய்யும் வேலைக்கு ஏஜென்ட் தகுதி போதும். நீதிமன்றத்தில் வாதாட சட்டப் பட்டம் வேண்டும். கொஞ்ச காலம் டிராஃப்டிங் (பேட்டன்ட் விண்ணப்பம் எழுதும் வேலை) செய்து, அது பிடிக்கிறதா என்று பார்த்தபின் அந்தச் செலவை யோசியுங்கள்.

கிளெய்ம்_ஒன்று
ஆங்கிலம் போதாது. பொறியாளர்கள் தடுக்கி விழும் இடமே வேறு. கருவி எப்படி ஓடுகிறது என்று ஒன்று விடாமல் சொல்லிப் பழகியவர்கள் முதல் கிளெய்மிலும் அதையே செய்வார்கள். கிளெய்மில் சொன்ன எல்லா அம்சமும் போட்டியாளரின் பொருளில் இருந்தால்தான் மீறல். ஒன்று இல்லையென்றாலும் பெரும்பாலும் அவர் தப்பிவிடுவார்.

பேட்டரியில் ஓடும் ஒரு வெப்பநிலை சென்சார் என்று வையுங்கள். அளவு மாறாத நேரத்தில் ரேடியோவை அரிதாக எழுப்பி மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. புதியவர் எழுதுவது: "32 பிட் மைக்ரோகன்ட்ரோலர், புளூடூத் மாட்யூல், லித்தியம் செல், மொபைல் ஆப்..." போட்டியாளர் புளூடூத்துக்குப் பதில் ஜிக்பீ என்ற வேறு ரேடியோ முறையைப் போட்டதும் கதை முடிந்தது. மொபைல் ஆப் இன்னொரு வம்பு. கருவியை விற்பவர் ஒருவர், ஆப்பை ஓட்டுபவர் வேறொருவர். மொத்தக் கிளெய்மையும் மீறியவர் என்று யாரையும் தனியாகக் கைகாட்ட முடியாது.

தேவையானது இவ்வளவுதான்: ஒரு சென்சார், ஒரு ரேடியோ, அடுத்தடுத்த அளவீடுகளின் வித்தியாசம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் அனுப்பும் இடைவெளியை நீட்டும் கன்ட்ரோலர். இது அகலமானது. எக்ஸாமினர் (விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் பேட்டன்ட் அலுவலக அதிகாரி) இதையே சொல்லும் பழைய ஆவணம் ஒன்றைத் தேடி எடுத்துவிடுவார் என்றே எதிர்பாருங்கள். அதனால் சார்புக் கிளெய்ம்களில் (முதல் கிளெய்மோடு ஓர் அம்சம் சேர்த்துக் குறுக்கியவை) பின்வாங்க இடம் வைக்கணும்: பேட்டரி இறங்க இறங்க வரம்பு உயர்வது, திடீர் மாற்றம் வந்தால் இடைவெளி பழைய நிலைக்குத் திரும்புவது, இப்படி. "பெட்டி பிளாஸ்டிக்கால் ஆனது" மாதிரியான சார்புக் கிளெய்ம் எதையும் காப்பாற்றாது.

பழக ஒரு வழி. உங்கள் துறையில் வழங்கப்பட்ட பேட்டன்ட் ஒன்றை எடுத்து, கிளெய்ம்களைப் பார்க்காமல் விவரணையையும் படங்களையும் மட்டும் படியுங்கள். முதல் கிளெய்மை நீங்களே எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். அதோடு நிறுத்தாமல் அந்தப் பேட்டன்ட்டின் விண்ணப்பக் கோப்பையும் திறந்து பாருங்கள். அமெரிக்கப் பேட்டன்ட் சென்டரிலும் ஐரோப்பியப் பேட்டன்ட் ரெஜிஸ்டரிலும் இலவசமாகவே கிடைக்கும். முதலில் தாக்கல் செய்த கிளெய்ம் எது, எக்ஸாமினர் எதைக் காட்டி மறுத்தார், எந்தச் சொல்லைச் சேர்த்ததும் ஒப்புக்கொண்டார் என்று வரிசையாகத் தெரியும். எந்தப் பாடப்புத்தகத்தையும்விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

மின்சுற்று_07
நன்றி. அப்போ விவரணையில் எல்லாத்தையும் கொட்டி வச்சுட்டு, கிளெய்மை அப்புறம் சரி பண்ணிக்கலாமா?

முன்னுரிமை_நாள்
கொட்டி வைப்பதிலும் முறை இருக்கிறது. தாக்கலுக்குப் பின் புதிய விஷயம் எதையும் சேர்க்க முடியாது. ஐரோப்பாவில் பிரிவு 123(2) இதில் ரொம்பக் கறார். பேட்டரி வரம்பும் திடீர் மாற்றமும் ஒரே எடுத்துக்காட்டில் பின்னிப் பிணைந்து வந்திருந்தால், பின்னாளில் ஒன்றை மட்டும் உருவிக் கிளெய்மில் வைக்க விடமாட்டார்கள். "இது தனியாகவும் இருக்கலாம், அதோடு சேர்ந்தும் இருக்கலாம்" என்று தாக்கல் நாளிலேயே எழுதியிருக்கணும்.

சாஃப்ட்வேருக்கு இது இன்னும் முக்கியம். இந்தியாவில் பிரிவு 3(கே) கணினி நிரலை வெறும் நிரலாக ஏற்பதில்லை, அல்காரிதத்தையும் ஏற்பதில்லை. அமெரிக்காவில் உச்ச நீதிமன்றத்தின் 2014 ஆலிஸ் தீர்ப்புக்குப் பின், இது வெறும் கருத்துதான் என்று பிரிவு 101-இன்படி மறுப்பது சகஜம். ஐரோப்பாவில் தொழில்நுட்ப விளைவு எங்கே என்பார்கள். ஆகவே நினைவகம் குறைகிறதா, தாமதம் குறைகிறதா, எந்தப் படியால் குறைகிறது என்று காரணத்தோடு எழுதுங்கள். "திறன் மேம்படுகிறது" என்ற மொட்டை வாக்கியத்துக்கு மதிப்பில்லை.

கண்டுபிடித்தவரிடம் முதல் கேள்வி: வெளியே எங்காவது காட்டினீர்களா? கருத்தரங்கு, டெமோ, பொதுவில் போட்ட சோர்ஸ் கோடு எல்லாம் இதில் சேரும். அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் அநேகமாகக் கதவு மூடியாச்சு.

காலக்கெடு விரல்நுனியில் இருக்கணும். முதல் தாக்கலிலிருந்து வெளிநாட்டுக்கு 12 மாதம், பிரசுரம் 18 மாதம், பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம்) வழியில் ஒவ்வொரு நாட்டிலும் தனியாக நுழைய பெரும்பாலான நாடுகளில் 30, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 31. இந்தியாவில் வசிப்பவரின் கண்டுபிடிப்பு என்றால் பிரிவு 39-ஐ மறக்காதீங்க. இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் கழியணும், அல்லது முன் அனுமதி வாங்கணும். அதற்குப் பிறகுதான் வெளிநாடு. இதை மீறினால் இந்திய விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும், குற்றவழக்கும் வரலாம்.

தேடல்_சரம்
ப்ரையர் ஆர்ட் (ஏற்கெனவே வெளியான பழைய தொழில்நுட்பம்) தேடல் வேலையை யாரும் சொல்லலையே. நுழைய அது எளிய வாசல், அவமானம் ஒன்றுமில்லை. பேட்டன்ட்களைத் துறைவாரியாகப் பிரிக்கும் சிபிசி வகைப்பாட்டில் எச்04டபிள்யூ (H04W) 52/02 (ரேடியோவில் மின்சாரச் சிக்கனம்) உங்க துறை. வெறும் சொல் தேடலில் கிடைக்காததெல்லாம் வகைப்பாட்டில் சிக்கும். ஆனா டிராஃப்டிங் தராத இடத்தில் ரொம்ப வருஷம் தங்கிடாதீங்க, பிறகு மாறுவது கஷ்டம்.

நேர்காணலுக்கு மாதிரி டிராஃப்ட் ஒன்று கையில் இருக்கட்டும்: ஊரறிந்த ஒரு பொருளுக்குக் கிளெய்ம் பத்து, படம் மூன்று, விவரணை. இப்போதைய கம்பெனியின் வெளிவராத வேலையை எடுத்துப் போட்டால், "நாளைக்கு நம்ம கிளையன்ட் ரகசியமும் இப்படித்தான்" என்று அங்கேயே முடிவு கட்டிடுவாங்க. பொது ஏஐ சாட்பாட்டில் கண்டுபிடிப்புக் குறிப்பை ஒட்டுவதும் அதே ரகம்தான்.