மில்வாக்கி ரோடும் லிட்டில் ஜோவும்: வழியில் சந்தித்த ரசிகர்கள்

அமெரிக்காவில் காணாமல் போன ரயில் கம்பெனிகள் நிறைய. ஆனால் மில்வாக்கி ரோடு அளவுக்கு மனிதர்களை இன்னும் உருக வைக்கும் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. சிகாகோ பக்கத்திலிருந்து மலைகளைத் தாண்டி சியாட்டில், டகோமா வரை 1909-ல் போய்ச் சேர்ந்த பாதை அது. மான்டனாவின் மைல்ஸ் சிட்டிக்கு மேற்கே இருந்த பகுதியை 1980-ல் கைவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பேச்சை எடுத்தால் சிலருக்குக் குரலே மாறிவிடுகிறது. வேலைக்காக வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்த பிறகு, அந்தப் பழைய பாதையைத் தேடிப் போன இடங்களில் அப்படிப்பட்டவர்கள் பலரைச் சந்தித்தேன்.

இந்தப் பாசத்துக்கு முதல் காரணம் மின்சாரம். நீராவி எஞ்சின்கள் கோலோச்சிய காலத்தில், 1910-களின் நடுவிலேயே, மான்டனாவின் ஹார்லோடனிலிருந்து ஐடஹோவின் ஏவரி வரை சுமார் 700 கிலோமீட்டர் மலைப்பாதையை 3,000 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இறக்கத்தில் வரும் சரக்கு ரயில், மோட்டாரையே பிரேக்காக்கி, உண்டாகும் மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். இன்று மெட்ரோ ரயிலில் சாதாரணமாகிவிட்ட ஏற்பாடுதான். நூறு வருடத்துக்கு முன்னால், பனி கொட்டும் மலையில், மரமும் தானியமும் ஏற்றிய ரயிலில் அதைச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னமும் வியப்பு.

மான்டனாவில் டீர் லாட்ஜ் என்ற சின்ன ஊரில், பழைய சிறைச்சாலை மியூசியத்தை ஒட்டி, இ-70 என்ற எண் கொண்ட மின் எஞ்சின் நிற்கிறது. லிட்டில் ஜோ. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி சோவியத் யூனியனுக்காகக் கட்டிய 20 எஞ்சின்களில் ஒன்று. 1948-ல் பனிப்போர் முற்றியதும் அமெரிக்க அரசு ஏற்றுமதியைத் தடுத்துவிட்டது. வாங்க ஆளில்லாமல் நின்றவற்றில் 12-ஐ மில்வாக்கி ரோடு 1950-ல் எடுத்துக்கொண்டது. மீதியில் மூன்று இந்தியானா பக்கம் ஓடிய சவுத் ஷோர் பாதைக்கும், ஐந்து பிரேசிலுக்கும் போயின. ஸ்டாலினின் பெயரை வைத்து ரயில்வே ஆட்கள் வைத்த செல்லப் பெயர்தான் லிட்டில் ஜோ. சின்ன ஜோ என்றாலும் பக்கத்தில் நின்றால் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும். நீளம் ஏறக்குறைய 27 மீட்டர், சக்தி 5,000 குதிரைத்திறனுக்கு மேல்.

அங்கேதான் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அவருடைய அப்பா பைப்ஸ்டோன் கணவாய்க்கு அருகே ஒரு துணைமின் நிலையத்தில் வேலை பார்த்தவராம். குடும்பமும் அங்கேயே குடியிருந்தது. ஒரு லட்சம் வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பெரிய சுழல் எந்திரங்களின் ரீங்காரம் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்குமாம். தூரத்தில் ரயில் ஏற்றம் ஏறுகிறது என்பதை, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சத்தம் கனப்பதை வைத்துச் சொல்லிவிடுவார்களாம். இறக்கத்தில் இறங்கும்போது மீட்டர் முள் எதிர்ப்பக்கம் சாயும். அதைப் பார்க்க அப்பா கூப்பிடுவார், நாங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுவோம் என்றார். எஞ்சினின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே பேசினார். லாரன்ஸ் வைலி என்ற பொறியாளர் இதே ஊர்ப் பணிமனைக்காரர்களை வைத்துக்கொண்டு, லிட்டில் ஜோவின் டிரைவரே கூட இணைத்த டீசல் எஞ்சின்களையும் சேர்த்து இயக்க ஒரு ஏற்பாடு செய்தார். அதைச் சொல்லும்போது பெரியவருக்கு அப்படி ஒரு பெருமை.

ஐடஹோ எல்லையில் அதே பாதை இப்போது ஹியாவதா சைக்கிள் பாதை. செயின்ட் பால் கணவாய் சுரங்கம் மட்டுமே 2.7 கிலோமீட்டர். உள்ளே கும்மிருட்டு, கோடையிலும் குளிர் நடுக்கும், தலைக்கு மேல் தண்ணீர் சொட்டும். 1910 ஆகஸ்டில் காட்டுத்தீ இந்த மலைகளைச் சூழ்ந்தபோது, டிரைவர்கள் தீக்குள்ளேயே ரயிலை ஓட்டி வந்து மக்களைச் சுரங்கங்களுக்குள் சேர்த்துக் காப்பாற்றினார்கள். சைக்கிளில் வந்திருந்த ஒரு தம்பதி இந்தக் கதையை என் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அந்த அம்மாவுக்குப் பாதையோரத்தில் மின்கம்பம் எங்கெங்கே நின்றது என்பதுகூட மனப்பாடம்.

வாக்குவாதம் என்றால் அது வாஷிங்டன் மாநிலத்துச் சவுத் கிளெ எலம் ஊர்தான். பழைய ஸ்டேஷனும் துணைமின் நிலையக் கட்டடமும் இன்றும் அங்கே இருக்கின்றன. இரண்டு ரசிகர்கள் ஏவரிக்கும், மேற்கே மறுபடி மின்பாதை தொடங்கிய ஒதெல்லோவுக்கும் நடுவில் கம்பியே போடாமல் விட்ட முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அதை மட்டும் இணைத்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும் என்றார் ஒருவர். மேற்குப் பாதையின் செலவுக் கணக்கையே தப்பாக எழுதித்தான் மூடினார்கள் என்றார் மற்றவர். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1970-ல் போட்டிக் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து பர்லிங்டன் நார்தர்ன் ஆன பிறகு, அதே திசையில் இன்னொரு பாதைக்குப் போதுமான சரக்கு இருந்ததா என்பதே சந்தேகம். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களோடு முழுக்க நிற்கிறேன். 1973-ல் எண்ணெய் விலை ஏறி உலகமே தவித்துக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த ஜூனில், ஓடிக்கொண்டிருந்த மின் ரயிலை நிறுத்தி, செம்புக் கம்பியைக் கழற்றிக் காயலான் விலைக்கு விற்று, டீசலுக்கு மாறினார்கள். மூன்றே வருடத்தில், 1977 டிசம்பரில், கம்பெனி திவால். இதை மன்னிக்க எனக்கும் மனம் வரவில்லை.

இ-70 இனி ஓடாது. ஓடுகிற லிட்டில் ஜோவைப் பார்க்க வேண்டுமானால் இல்லினாய் மாநிலத்தின் யூனியன் ஊரிலுள்ள ரயில்வே மியூசியத்துக்குப் போங்கள். சவுத் ஷோரின் 803 அங்கே இருக்கிறது. மியூசியத்தின் 600 வோல்ட் கம்பியில் அதன் முழு பலத்தைக் காட்ட முடியாது, மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் உள்ளே காற்றாடிகள் சுழலத் தொடங்கும் அந்த இரைச்சலுக்காகவே பலர் வெகுதூரத்திலிருந்து வருகிறார்கள். அப்புறம், ஹியாவதா பாதைக்குப் போகிறவர்கள் நல்ல ஹெட்லைட்டும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள். மான்டனா வரை போனால் ஹார்லோடனில் நிற்கும், பெட்டி வடிவிலான பழைய மின் எஞ்சின் இ-57பி-யை விட்டுவிடாதீர்கள். லிட்டில் ஜோவுக்கு முப்பது வருடம் மூத்தது, அதன் கூட்டாளிகள் 1974 வரை உழைத்தார்கள்.