மெல்லிய கிண்ணம் கடையும்போது விளிம்பு அதிர்வது ஏன்?

கேள்வி:
சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள கிண்ணம் ஒன்றை நன்கு காய்ந்த மரத்தில் கடைந்து வருகிறேன். சுவரின் கனம் 6 மி.மீ. ஆகும்வரை குழியுளி சீராகச் சீவிச் செல்கிறது. அதை 3 மி.மீ. அளவுக்குக் குறைக்க முயலும்போது விளிம்பு கீச்சிடத் தொடங்கி, உட்புறத்தில் வரிவரியாகத் தழும்பு விழுகிறது. உளியைப் புதிதாகத் தீட்டியும், லேத்தின் வேகத்தைக் கூட்டியும் பயனில்லை. உட்புறம் முழுவதையும் குடைந்து முடித்த பிறகு, விளிம்பிலிருந்து அடிவரை ஒரே ஓட்டமாக மெலிதாக்குவதே என் முறை. இதில் எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். வெளிப்புறத்தை முழுமையாக முடித்துவிட்டு, உட்புறத்தில் விளிம்பிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. ஆழத்தை மட்டும் இறுதிக் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் உள்ள மரத்தை அப்போது தொடாதீர்கள், ஏனெனில் விளிம்பை நெளியவிடாமல் பிடித்து நிறுத்துவது அந்தக் கட்டைதான். அந்தப் பட்டை முடிந்ததும் அடுத்த பட்டைக்கு இறங்கலாம், ஆனால் முடித்த இடத்துக்கு உளியைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. உள்ளிருக்கும் மரம் நீங்க நீங்க அதில் அடங்கியிருந்த இறுக்கம் தளர்ந்து, காய்ந்த மரம்கூடச் சற்றே நீள்வட்டமாகிவிடும். பிறகு உளி ஒரு பக்கம் ஆழமாக வெட்டும், மறுபக்கம் தொடாமலே போகும்.

வேகத்தைக் கூட்டியது உதவாததில் வியப்பில்லை. கீச்சொலி எழுந்தால் சற்றுக் குறைத்துப் பாருங்கள். உளியின் சாய்முகம் (வெட்டுமுனைக்குப் பின்னால் சரிவாகத் தீட்டிய பகுதி) மரத்தைத் தொட்டபடி செல்ல வேண்டுமே தவிர அழுத்தக் கூடாது. சுவரின் வெளிப்புறத்தில் இடக்கை விரல்களை இலேசாக வைத்தால் அதிர்வு அடங்கும். விரல் சுட்டால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று பொருள். விளிம்பின் முனையிலிருந்தும், உளிதாங்கிக்கும் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள சந்திலிருந்தும் விரல்களை விலக்கியே வைத்திருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தழும்பை நீக்குவதற்காக, மெலிந்த விளிம்பில் சுரண்டுளியைத் தட்டையாக வைத்துவிடாதீர்கள். உளி சிக்கிக்கொண்டால் கிண்ணம் சிதறும். முகக் கவசம் கட்டாயம்.

பதில் 3:
காய்ந்த மரம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், பச்சை மரத்தில் முயன்று பாருங்கள். மெல்லிய சுவருக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து. ஈரமான வெளிர்நிற மரம் 3 மி.மீ. அளவுக்கு மெலிந்ததும் ஒளியை ஊடுருவவிடும் என்பதால், பின்னால் ஒரு மின்கல விளக்கை வைத்து, எந்த இடம் இருண்டு தெரிகிறதோ அங்கே இன்னும் கனம் இருக்கிறது என்று அறியலாம். கனத்தை அளக்கும் காலிப்பர் வேண்டும்தான், ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டுமே காட்டும். இடையில் நிறுத்தாமல், அவ்வப்போது நீர் தெளித்தபடி ஒரே அமர்வில் முடித்துவிட வேண்டும்.

காயும்போது மரம், ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவே கிண்ணம் கோணும். சுவர் எங்கும் ஒரே கனமாக இருந்தால் அது வளைந்து கொடுக்குமே தவிர எளிதில் வெடிக்காது. அடிப்பகுதியை மட்டும் கனமாக விட்டுவிட்டால் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.